சாவி யார் கையில்?

ஒரு பெண்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். எழுத்தாளனை அழைத்தால் மாலை போடுவார்கள், காப்பி கொடுப்பார்கள், கடைசியில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை நீட்டி, "இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். இதுவரை எத்தனை பள்ளிகளில் அப்படி எழுதியிருப்பேனோ, எனக்கே கணக்கில்லை. ஆனால் அன்று எழுதிய இரண்டு வரி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

விழா தொடங்குமுன் தலைமையாசிரியை அம்மாள் பள்ளியைச் சுற்றிக் காட்டினார். மாணவியரின் நலத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று தனியாக ஒரு கோப்பு. தீயணைப்புக் கருவி வாங்கிய ரசீது, குடிநீர்த் தொட்டியைக் கழுவிய தேதி, டாக்டர் வந்து போன நாள் எல்லாம் வரிசையாக இருந்தன. சுவரில் புகார்ப் பெட்டி. புதிதாகக் கட்டிய கழிப்பறையைக்கூட அந்த அம்மாள் பெருமையோடு திறந்து காட்டினார். வெள்ளை ஓடு பதித்துப் பளபளவென்றிருந்தது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "குழந்தைகளின் நலத்தைக் கண்போல் காக்கும் பள்ளி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

விழா முடிந்து, வண்டிக்காக வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் அருகில் நின்றார்கள். மணி ஐந்து. ஒருத்தியின் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டி கழுத்து வரை நிரம்பியிருந்தது.

"ஏம்மா, காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்றவள்தான் மெல்லச் சொன்னாள்: "குடிச்சாப் போகணுமே சார். பூட்டியே வெச்சிருப்பாங்க. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னுதான் திறந்தாங்க."

நான் திரும்பி உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. வண்டி வந்தது, ஏறிக்கொண்டேன். போட்ட மாலையின் வாசனை வழியெல்லாம் கூடவே வந்தது.

அன்றிரவு படுத்தபடி யோசித்தேன். இதில் பொய் சொன்னவர் யார்? கழிப்பறை இருக்கிறது என்று கோப்பு சொல்கிறது, உண்மை. சுத்தமாக இருக்கிறது என்று நான் கண்டேன், அதுவும் உண்மை. இத்தனை உண்மைகளையும் கூட்டினால் ஒரு பெரிய பொய் எப்படி வருகிறது? அந்தப் பொய்யின் அடியில் என் கையெழுத்தும் அல்லவா இருக்கிறது?

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதியைத் தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் படித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு இறங்க ஒரு குறுகிய படிக்கட்டுத்தான் வழி. 94 குழந்தைகள் மாண்டார்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. பள்ளி நடத்த அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் என்றால் என்ன? யாரோ ஒருவர் கையெழுத்துத்தானே!

வழக்கு பத்தாண்டு நடந்தது. 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 21 பேரில் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2017-இல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகளிற் பல குறைந்தன, அல்லது நீங்கின. சட்டம் தன் தராசில் நிறுத்துச் சொன்ன கணக்கு அது. பெற்றவர்களின் கணக்கு வேறு. "என் குழந்தையின் சாவுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்ட தாய்க்கு ஒற்றைப் பெயர் கிடைக்கவில்லை. பொறுப்பைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்தில் ஒரு பங்கு வருவதில்லை. எவருக்குமே வராமல் போய்விடுகிறது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற உபாத்தியாயர், அடிக்கடி சொல்வார்: "அன்பு இருக்கிற இடத்தில் விதி எதற்கு? அன்பு இல்லாத இடத்தில் விதியால் என்ன பயன்?" கேட்க அழகாக இருக்கும். ஒரு காலத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அது சரியல்ல என்று தோன்றுகிறது.

அன்புக்கும் அலுப்பு உண்டு. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, வகுப்பில் அறுபது குழந்தைகளின் கூச்சல். அந்த வேளையில் எத்தனை நல்ல ஆசிரியருக்கும் கை ஓங்கத் தோன்றும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்தும் தண்டனையும் மனத்தை வருத்தும் தொல்லையும் கூடாது என்று 17-ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறதே, அது கெட்ட ஆசிரியருக்காக மட்டும் எழுதியதல்ல. நல்ல ஆசிரியரின் கெட்ட நாளுக்காகவும் எழுதியது.

சோற்றை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் தொடங்கியது; 1956-இல் காமராஜர் விரித்தார்; 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார், 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடும் தர்மவான்கள் ஊருக்கு ஒருவர் எப்போதும் உண்டு. ஆனால் தர்மவானின் முகத்தைப் பார்த்துக் கைநீட்டும் பிள்ளை வேறு. மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் பிள்ளை வேறு. அன்பு விதியாக மாறும்போது வாங்குகிறவன் கூச வேண்டியதில்லை.

ஆகையால் விதி வேண்டும். அதில் ஐயமில்லை. கும்பகோணத் தீக்குப் பிறகு தொடுத்த ஒரு வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவி வையுங்கள் என்றது. அந்தச் சிவப்பு உருளை சுவரில் தொங்கும்போது நமக்கு ஒரு சாமான். உண்மையில் அது ஒரு நினைவுச் சின்னம்.

ஆனால் கும்பகோணம் இன்னொன்றும் சொல்கிறது. குழந்தையின் பசி தீர்க்க மூட்டிய அடுப்பிலிருந்துதானே அந்தத் தீ வந்தது? ஒரு நலத்தைச் செய்துவிட்டதால் இன்னொரு நலத்தை மறந்துவிட உரிமை வந்துவிடாது. விதிகளை ஒவ்வொன்றாகக் கோப்பில் அடுக்கலாம். குழந்தை அப்படி அடுக்கடுக்காக வாழ்வதில்லை. அவளுக்கு ஒரே உடம்பு. தாகமும், பயமும், வெட்கமும் அந்த ஒரே உடம்பில்தான்.

பத்து நாள் கழித்துத் தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுக்காமல், "பள்ளியில் கழிப்பறை பூட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்த் தொற்று வருமே அம்மா! நான் எழுதிய அந்த இரண்டு வரியைத் திரும்பப் பெற விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதினேன்.

கோபமாகப் பதில் வரும் என்று நினைத்தேன். வந்த பதிலில் கோபம் இல்லை; களைப்புத்தான் இருந்தது.

"அறுநூறு பெண்களுக்கு ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர். அவருக்கும் அரை நாள் வேலைதான். திறந்துவிட்டால் மத்தியானத்துக்குள் நாறுகிறது. நாறினால் பார்க்க வருகிற பெரியவர்கள் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். பூட்டி வைத்தால் ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள்கூட அன்று கேட்கவில்லையே, சார்."

இந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. அந்த அம்மாள் கொடியவர் அல்லர். நாங்கள் எதைக் கேட்டோமோ அதைக் கொடுத்தார். நாங்கள் பளபளப்பைக் கேட்டோம். பெண்களின் தாகத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. விதி மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வரையில் கோப்புத்தான் கொழுக்கும். கீழே நிற்கும் குழந்தைக்குப் பதில் சொல்லும்போதுதான் அதற்கு உயிர் வரும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெரிய பதவி வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாலே போதும்.

கடிதத்தின் கீழே இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. சாவியை இப்போது ஆசிரியைகள் அறையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம். வேண்டுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். பூட்டுக்கு இது மேல்தான். ஆனால் ஆசிரியைகள் கூடியிருக்கும் அறையின் வாசலில் நின்று அந்தச் சாவியைக் கேட்கப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். இன்னொரு துப்புரவுப் பணியாளருக்காக மேலிடத்துக்கும் பெற்றோர்களுக்கும் எழுதச் சொல்லியிருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது செய்தி என் கையெழுத்தைப் பற்றியது. பார்வையாளர் புத்தகத்தின் பக்கங்களுக்கு எண் இட்டிருப்பதால் எதையும் கிழிக்க இயலாதாம். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.