மயக்கத்தில் ஆன்மாவின் நிலை

பொது மயக்க மருந்தின் கீழ் அறுவைக்கு உட்படும் மனிதரிடத்தில் அறிவு முற்றிலும் இல்லாமற் போகிறதா, அல்லது இருந்தும் வெளிப்படாமல் நிற்கிறதா என்ற வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், ஆழ்ந்த உறக்கத்தை முன்வைத்து இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்த பழைய வினாவே அது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் ஒரு நோயாளியை மயக்கிக் கழுத்துக் கட்டியை அகற்ற வழிசெய்தது முதல், வேண்டும்போது வருவித்து வேண்டும்போது விலக்கத்தக்க ஓர் உணர்வற்ற நிலை மனிதர் கைக்கு வந்தது. இன்றைய மயக்கவியல் அந்நிலையை உணர்விழப்பு, நினைவு பதியாமை, வலி உணராமை, அசைவின்மை என நான்கு கூறுகளாகப் பிரித்துப் பேசுகிறது. இவை ஒன்றோடொன்று கட்டுண்டவை அல்ல. தசைகளைத் தளர்த்தும் மருந்து அசைவை நிறுத்துமேயன்றி அறிவைத் தொடாது, மிடாசோலம் போன்ற மருந்து சிறிய அளவில் விழிப்பைக் கெடுக்காமலே நினைவு பதிவதைத் தடுத்துவிடும். எனவே அசையாதவர் அறியாதவர் என்றோ, நினைவில் இல்லாதது நிகழாதது என்றோ முடிவுகட்ட இயலாது என்பது தத்துவ வாதத்துக்கு முன்பே மருந்தறையில் தெளிவாகிவிடுகிறது.

உறக்கத்திலிருந்து எழுந்தவர் தாம் சுகமாக உறங்கியதாகவும் எதையும் அறியாதிருந்ததாகவும் சொல்வதை ஒரு நினைவாகக் கொள்ளும் அத்துவைதிகள், அனுபவிக்காத ஒன்றை நினைவுகூர முடியாதாகையால், அறியாமையையே கண்டுகொண்டிருந்த சாட்சி அறிவு ஒன்று உறக்கத்திலும் அவியாமல் இருந்தது என்பர். அது நினைவன்று, எழுந்தபின் உடலின் தெளிவையும் கழிந்த பொழுதையும் கொண்டு செய்யும் அனுமானமே என மறுக்கும் நியாயவாதிகள், உறக்கத்தில் ஆன்மா இருக்கிறதாயினும் அதனிடம் அறிவு எழுவதில்லை என்பர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு விடையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் தமிழில் வகுத்தார். மயக்கவியலின் அண்மைக்கால முடிவுகளோடு சேர்த்து எண்ணத்தக்கது அந்த விடையே என்பதும், அதற்குரிய கவனம் இதுவரை கிடைக்கவில்லை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குக் காட்டும் ஏதுக்களில் இரண்டு இங்கு இன்றியமையாதவை. உறக்கத்தில் உடலும் மூச்சும் இருந்தும் இன்ப துன்ப நுகர்ச்சியும் தொழிலும் நிகழாமையால், உடலும் மூச்சும் அல்லாத ஒன்றே நுகர்வதும் தொழிற்படுவதும் என்பது ஒன்று. தானாக அறியமாட்டாது, அறிவிக்கும் பொருள் ஒன்று அறிவித்தால் மட்டுமே அறிவது ஆன்மாவின் இயல்பு என்பது மற்றொன்று. நான்காம் சூத்திரம் இதனை மேலும் விரித்து, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் உட்கருவிகளுள் எதுவும் ஆன்மா அன்று என்றும், இயல்பாகவே உடனிருக்கும் ஆணவ மலத்தால் மறைப்புண்ட ஆன்மா, அரசன் அமைச்சர் வழியாக நாட்டை அறிவதுபோல அக்கருவிகளின் வழியாகவே எதையும் அறிகிறது என்றும், அக்கருவிகள் கூடுவதும் குறைவதும் கொண்டு ஐந்து அவத்தைகளை அடைகிறது என்றும் கூறுகிறது.

அவத்தை என்பது ஆன்மாவின் அறிவு நிற்கும் நிலை. நனவாகிய சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகளும், கனவாகிய சொப்பனத்தில் இருபத்தைந்தும், உறக்கமாகிய சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றும், துரியத்தில் பிராணனும் புருடனும் ஆகிய இரண்டும், துரியாதீதத்தில் புருடன் ஒன்றுமே எஞ்சும் என்று சித்தாந்த நூல்கள் எண்ணிக் காட்டும். வேதாந்த நூல்களைப் பயின்றவருக்குத் துரியம் என்றதும் உயர்ந்த ஞான நிலையே மனத்தில் தோன்றும். ஆனால் சித்தாந்தம் கீழாலவத்தை என வழங்கும் இந்த வரிசையில் துரியமும் துரியாதீதமும் உறக்கத்தினும் ஆழ்ந்த இருள்நிலைகளாகும். ஞானநிலையில் எய்தும் துரியத்தை நின்மல அவத்தை என வேறாக வைத்து, இரண்டும் கலந்துவிடாதபடி காத்த நுட்பம் போற்றுதற்குரியது. உறக்கத்துக்குக் கீழே மூச்சு மட்டும் இயங்கும் ஒரு நிலையும், அதற்கும் கீழே மூச்சும் அடங்கிய ஒரு நிலையும் உண்டு என்றும், அவற்றிலும் ஆன்மா அழிவதில்லை என்றும் கருதியவர்கள், இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுக்கும் அறுவை மேசையை ஒருபோதும் கண்டவர்கள் அல்லர்.

மயக்கவியல் ஆய்வும் உணர்வின்மையை ஒரே இருளாகக் காண்பதைக் கைவிட்டுவிட்டது. புறவுலகை உணரும் விழிப்பு, புறவுலகோடு தொடர்பற்று உள்ளே மட்டும் நிகழும் அனுபவம், அனுபவமே இல்லாத நிலை என மூன்றாக அது பகுத்துப் பேசுகிறது. தலையின் மேலிருந்து காந்தத் துடிப்பொன்றைச் செலுத்தி, அதற்கு மூளை தரும் மின் எதிரொலி எவ்வளவு பரந்தும் எவ்வளவு பலவகைப்பட்டும் இருக்கிறது என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், புரோபோஃபால், செனான் ஆகியவற்றால் மயங்கியவர்களிடம் அந்த எதிரொலி சுருங்கி எளியதாகிவிட்டது. அவர்கள் விழித்தபின் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. கெட்டமினால் மயங்கியவர்களோ அழைப்புக்கு அசையாமல் கிடந்தபோதும், அவர்களிடம் எதிரொலி விழிப்பு நிலைக்கு ஒப்பாகச் செறிந்திருந்தது. விழித்தபின் அவர்கள் நீண்ட, தெளிவான கனவுகளை விவரித்தனர். வெளியே ஒன்றுபோலக் காணப்படும் இரு மயக்கங்களுள் ஒன்று சுழுத்தியையும் மற்றது சொப்பனத்தையும் ஒத்திருப்பது வியப்புக்குரியது. ஆயினும் சித்தாந்தத்தின் கருவிகளை மூளையின் பகுதிகளோடு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டுவது தவறாகும். அக்கருவிகளாகிய தத்துவங்கள் உடற்கூற்றியல் வகைகள் அல்ல, அப்படிப் பொருத்துவது நூலுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே தீங்கு செய்வதாகவே முடியும்.

கடினமான கேள்வி நினைவைப் பற்றியது. தசைத் தளர்த்தி மருந்து செலுத்துமுன் ஒரு முன்கையில் மட்டும் இறுகிய பட்டையைக் கட்டி, அம்மருந்து அக்கையை எட்டாமல் தடுத்து, நோயாளி மயக்கத்தில் இருக்கையில் கையை அழுத்துமாறு அழைத்துப் பார்க்கும் முறையை 1977இல் மைக்கேல் டன்ஸ்டால் விவரித்தார். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மூச்சுக்குழாய் பொருத்தியபின் அவ்வாறு அழைக்கப்பட்ட 260 பேரில் 12 பேர் கையை அழுத்தி மறுமொழி தந்தனர். அவர்களுள் சிலர் வலிக்கிறது என்றும் அதே கையால் தெரிவித்தனர். மறுபுறம், அறுவையின்போது விழித்திருந்ததாகப் பின்னர்த் தாமாகவே முன்வந்து சொல்வோர், பிரித்தானியாவில் 2014இல் முடிந்த பெருங்கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒருவரே. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பெரும் இடைவெளி, உணர்ந்தும் மறந்துவிட்டவர்களைக் குறிப்பதாகவே தோன்றுகிறது.

மறந்துபோன வலி தீங்காகுமா என்ற கேள்விக்கு, நினைவே தான் என்னும் அடையாளத்தின் அடித்தளம் என்று கருதுவோர், ஒரு சுவடும் இல்லாத துன்பம் யாருடைய துன்பமும் அன்று என்று கூறக்கூடும். வினைக் கொள்கையை ஏற்ற மரபு இந்த விடையை ஒருபோதும் ஏற்கவியலாது. முற்பிறவிகளில் நுகர்ந்தவற்றுள் எதுவும் ஆன்மாவின் நினைவில் இல்லை. ஆயினும் அவை அந்த ஆன்மாவே நுகர்ந்தவை என்பதில் சித்தாந்தத்துக்கு ஐயமில்லை. நுகர்ச்சிக்கு வேண்டியது நுகர்பவன் அங்கிருத்தலே, பின்னாளில் அதை எடுத்துச் சொல்லுதல் அன்று. பிறவித் தொடர்ச்சியை நம்பும் ஒருவர் மறதி மருந்தால் மூடப்பட்ட வலியைப் பொருட்படுத்தாமல் விடுவாராயின், அவர் தம் கொள்கையின் அடித்தளத்தையே மறந்தவராவார்.

மூளை அறுவையில் இந்த வினா மற்றொரு முகம் கொள்கிறது. மூளைத் திசுவில் வலியுணரும் நரம்பு முனைகள் இல்லை. வலி தலைத்தோலிலும் எலும்பின் மேலுறையிலும் மூளையைப் போர்த்திய தடித்த சவ்விலுமே உண்டு. ஆகவே தலைத்தோலின் நரம்புகளை மட்டும் மரக்கச் செய்து, டெக்ஸ்மெடெடோமிடின் போன்ற மென்மையான மருந்தால் அமைதிப்படுத்தி, வேண்டிய நேரத்தில் நோயாளியை விழிக்கவைத்துப் பேசச் செய்துகொண்டே மூளைக் கட்டியை அகற்ற முடிகிறது. பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்கள் எவை எனச் சிறு மின்தூண்டலால் கண்டறிந்து அவற்றைக் காப்பதே இதன் நோக்கம். மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை 1934இல் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்டு இம்முறையைப் பெரிதும் வளர்த்தவர். மின்தூண்டலால் தம் கை அசைந்தபோது நோயாளிகள் அதைத் தாம் செய்யவில்லை, மருத்துவரே செய்தார் என்று கூறியதையும், நம்பவோ முடிவெடுக்கவோ ஒருவரைச் செய்விக்கும் இடம் எதுவும் மூளையின் புறணியில் அகப்படவில்லை என்பதையும் எடைபோட்ட அவர், 1975இல் வெளியிட்ட நூலில், மனம் மூளையினின்று வேறானது என்ற முடிவின் பக்கம் சாய்ந்தார். அமைச்சரைத் தொட்டு அசைத்தபோதும் அரசன் அகப்படவில்லை என்று சித்தாந்தி மகிழலாம். ஆனால் அந்தச் சான்று அவ்வளவு பாரத்தைத் தாங்காது. அசைவு தம்முடையதன்று என நோயாளிகள் உணர்ந்தது எதனால் என்பதற்கு மூளையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின் செயலைத் தனதாகக் கணக்கிடவில்லை என்ற விளக்கமும் பொருந்தும். ஐயத்துக்கு இடமின்றி நிலைபெறுவது, செய்தல் வேறு, செய்வதாக அறிதல் வேறு என்ற பகுப்பு ஒன்றே.

2020இல் பரவிய கோவிட் தொற்று, தள்ளிப்போடத்தக்க அறுவைகள் நிறுத்தப்பட்ட நிலையில், மயக்க மருத்துவர்களை அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அழைத்துச் சென்றது. நுரையீரல் இறுகிய நோயாளிகள் வெண்டிலேட்டரின் மூச்சோடு இசையாமல் திணறியதாலும், அவர்களைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டியிருந்ததாலும், கவச உடையணிந்த சிலரே பலரைக் கவனிக்க நேர்ந்ததாலும், வழக்கமான மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்ததாலும், பலர் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டனர். 14 நாடுகளின் 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,088 நோயாளிகளை ஆராய்ந்து 2021இல் வெளியான அறிக்கையின்படி, ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோர் உணர்விழந்த நிலையைக் கண்டனர். பாதிக்கு மேற்பட்டோர் டெலிரியம் எனப்படும் கடும் மனக்குழப்பத்துக்கு ஆளாயினர். மிடாசோலம் வகை மருந்துகளைத் தொடர்ந்து செலுத்தியபோது அக்குழப்பத்தின் வாய்ப்பு கூடியிருந்தது. குடும்பத்தார் நேரிலோ காணொளியிலோ வந்து பார்த்தவர்களிடம் அது 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அந்த மாதங்களில் அப்படிப் பார்க்க இடமளிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே.

உற்றார் பார்க்க முடிந்தவர்கள் முதலிலேயே சற்று நலமாக இருந்தவர்களாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை இந்த எண்ணுக்கு வேண்டும். அதை ஏற்றபின்னும், அறிவிக்க ஒருவர் இன்றி ஆன்மா அறியாது என்ற மெய்கண்டாரின் கூற்று இங்கு வலுவாக நினைவுக்கு வருகிறது. சித்தாந்தத்தில் இறுதியாக அறிவிப்பவன் இறைவனே. ஆயினும் உலகப் பொருள்களும் குருவின் சொல்லும் அவன் அறிவிக்கும் வாயில்களாகவே அங்கு கொள்ளப்படுவதால், தாயின் குரலையும் மகனின் பெயர் சொல்லி அழைக்கும் அழைப்பையும் அவ்வரிசையிலிருந்து விலக்கக் காரணமில்லை. தொற்றைத் தடுக்க உற்றாரை வாயிலில் நிறுத்தியது அன்றைய அச்சத்தில் தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். ஆனால் அது நோயாளியின் ஆறுதலை மட்டுமே குறைத்தது என்று கருதியது பெரும்பிழை, அவருடைய அறிவுக்குரிய வாயில்களுள் ஒன்றே அங்கு அடைபட்டது.

பெருந்தொற்று மற்றொன்றையும் வெளிப்படுத்தியது. வெண்டிலேட்டரில் வைக்கப்பட்ட 795 கோவிட் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், கட்டளைக்கு மறுமொழி தரும் நிலைக்குத் திரும்பியவர்கள் 571 பேர். அவ்வாறு மீள்வதற்குப் பிடித்த காலத்தின் இடைநிலை அளவு 30 நாட்கள். கால்பங்கினர் வெண்டிலேட்டர் நிறுத்தப்பட்டுப் பத்து நாட்களோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே விழித்தனர். குருதியில் ஆக்சிஜன் மிகத் தாழ்ந்தவர்கள் விழிக்க மேலும் பிந்தினர். இந்தப் பிந்திய விழிப்பை விளக்க முற்பட்ட நரம்பியலாளர் நிக்கலஸ் ஷிஃபும் மயக்கவியலாளர் எமெரி பிரவுனும், உறைந்த குளத்தடியில் ஆக்சிஜன் இன்றிக் குளிர்காலத்தைக் கழிக்கும் வண்ண ஆமையின் மூளையைப் போல, மனித மூளையும் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் இயக்கத்தை வெகுவாகத் தாழ்த்திக்கொள்கிறது என்ற கருதுகோளை முன்வைத்தனர். இறைவனின் அழித்தல் தொழிலையே ஆன்மாவின் இளைப்பை ஆற்றும் செயலாகவும், மறைத்தலை அருளின் ஒரு கூறாகவும் கொண்ட சித்தாந்தத்துக்கு, தாழ்ந்த நிலை இழப்பாகவே இருக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் புதிதன்று. எத்தனை நாள் காத்திருப்பது என்பதை அந்த நூல்கள் சொல்லமாட்டா. அதை நோயாளிகளைப் பின்தொடரும் ஆய்வுகளே சொல்ல முடியும். இரண்டாம் வாரத்தில் விழிக்காதவர் இனி விழிக்கமாட்டார் என்று கொண்டு மூச்சுக் கருவியை விலக்குவது பற்றி உற்றாரிடம் பேசத் தொடங்கும் வழக்கம், மேற்கண்ட 30 நாள் கணக்கின் முன் நிற்கவில்லை.