கையெழுத்தும் வாக்கும்

மனநோய் மருத்துவர் ஒருவர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கலாமா? பல நாடுகளில் நின்றிருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். சட்டம் தடுக்கவில்லை. என்னை உறுத்துவது இரண்டு தொழில்களுக்கும் அடியில் இருக்கிற உறவு. மருத்துவரைத் தேடி நோயாளி வருகிறான். வேட்பாளரோ தானே தேடிப் போகிறார். அங்கே கேட்பது வேலை, இங்கே பேசுவது. மருத்துவர் தன்னை மறைத்துக்கொண்டால்தான் எதிரே இருப்பவன் வெளிப்படுவான்; வேட்பாளர் தன் முகத்தைச் சுவர் சுவராக ஒட்டியாக வேண்டும். இரண்டையும் ஒரே மனிதர் செய்யும்போது, ஒன்றில் சம்பாதித்ததை மற்றதில் செலவழிக்கிறாரோ என்ற சந்தேகம் நியாயமானது.

மனத்தை அறிந்தவர், எனவே மக்களையும் அறிவார் என்பது வழக்கமான சமாதானம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1964ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது 'ஃபாக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநோய் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, பாரி கோல்ட்வாட்டர் அந்தப் பதவிக்கு மனத்தளவில் தகுதியானவர்தானா என்று கேட்டது. 2,417 பேர் பதில் போட்டார்கள். அதில் 1,189 பேர் தகுதியற்றவர் என்றார்கள். பரிசோதனை இல்லை, சந்திப்பு இல்லை, தீர்ப்பு மட்டும் இருந்தது. கோல்ட்வாட்டர் பத்திரிகையின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். இப்படித் தூரத்திலிருந்து நோய்க்குப் பெயர் வைப்பது நெறிக்குப் புறம்பு என்று 1973ல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் விதி செய்தது. சிகிச்சை அறையை விட்டு வெளியே வந்ததும் அந்த அறிவு சாதாரண அபிப்பிராயமாகிவிடுகிறது. மருத்துவ அங்கியை மட்டும் கழற்ற மறுக்கிறது.

அப்படியானால் சட்டசபைக்கு அவர் கொண்டுபோக என்ன மிச்சம்? ஒன்று இருக்கிறது. தன் கையெழுத்து ஒரு மனிதனை என்ன செய்தது என்பதை அவரைப்போல் அறிந்தவர் வேறு யாருமில்லை. இத்தாலியின் அனுபவத்தை முன்வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இத்தாலியில் 1904ஆம் வருஷத்துச் சட்டப்படி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது பொது இடத்தில் அவக்கேடு விளைவிப்பவர் என்று கருதப்பட்ட மனநோயாளியை ஆஸ்பத்திரியில் அடைக்கலாம். தொடக்கம் மருத்துவரின் சான்று, முடிவு நீதிமன்ற உத்தரவு. நிரந்தர அடைப்புக்கு உத்தரவானதும் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். 1968 வரை குற்றப் பதிவேட்டிலும் பெயர் ஏறியது. அந்த நாட்டில் ஒரு மனநோய் மருத்துவர் ஓட்டுக் கேட்டுப் போகிறார் என்றால், தன் தொழிலே பட்டியலிலிருந்து அடித்துவிட்டவர்களைத் தவிர்த்து மற்றவர்களிடம் போகிறார். தார்மீகப் பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

ஃப்ராங்கோ பஸாலியா 1961ல் கொரீஸியா ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றபோது, முந்திய இரவு கட்டிவைக்கப்பட்ட நோயாளிகளின் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள் என்றும், அவர் கையெழுத்திட மறுத்தார் என்றும் சொல்வார்கள். இந்த மறுப்பு அவர் வாழ்க்கையின் குறியீடாகிவிட்டது. கதவுகள் திறந்தன, நோயாளிகள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஆனால் 1968ல், ஒரு நாள் வெளியே போய்வர அனுமதி பெற்ற நோயாளி தன் மனைவியைக் கொன்றுவிட்டான். பஸாலியா மேல் வழக்கு நடந்து, பின்னர் விடுவிக்கப்பட்டார். கையெழுத்திடாததற்கும் விலை உண்டு, அதை வேறு யாரோ கொடுக்க நேரும் என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது எளிது. 1971ல் அவர் த்ரியெஸ்தேவுக்குப் போனார். அங்கும் ஆஸ்பத்திரியைக் கலைக்கும் வேலைதான். பாராளுமன்றத்துக்கு அவர் போகவில்லை.

போனவர் ப்ரூனோ ஓர்ஸீனி. இவரும் மனநோய் மருத்துவர். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கீழ்ச்சபை உறுப்பினர். 1904 சட்டத்தை நீக்க ராடிகல் கட்சியினர் கையெழுத்துச் சேகரித்ததன் பேரில், 1978 ஜூன் 11ல் பொது வாக்கெடுப்பு நடக்க இருந்தது. அதைத் தவிர்க்க அவசரமாக ஒரு மசோதா வேண்டியிருந்தது. ஆல்தோ மோரோவின் உடல் ரோமில் கண்டெடுக்கப்பட்டது மே 9ல். நாடே திகைத்து நின்ற அந்த வாரத்தில், மே 13ல், முழுச் சபைக்கும் வராமல் குழுக்களிலேயே 180ஆம் எண் சட்டம் நிறைவேறியது. அதை வடித்து, சபையில் பொறுப்பேற்று நடத்தியவர் ஓர்ஸீனி. புதிய மனநோய் ஆஸ்பத்திரிகள் கட்டக் கூடாது; இருப்பவை படிப்படியாக மூடப்படும்; கட்டாய சிகிச்சைக்கு இரண்டு மருத்துவர்கள், நகர மேயரின் உத்தரவு, நீதிபதியின் உறுதி எல்லாம் தேவை. அடைக்கப்பட்டவர்களின் வாக்குரிமையைப் பறித்த தேர்தல் சட்டப் பிரிவுகளும் அதன் 11ஆவது ஷரத்தில் ரத்தாயின. அப்போது ஆஸ்பத்திரிகளுக்குள் சுமார் 78,000 பேர் இருந்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கு உலகம் வைத்த பெயர் 'பஸாலியா சட்டம்'. பஸாலியாவுக்கே அதில் திருப்தி அரைகுறைதான். சமரசத்தில் பிறந்தது என்று அறிந்திருந்தார். ஓர்ஸீனியின் பெயர் இத்தாலிக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. நம்மைப் போன்ற சிறு வட்டங்களுக்கு மறுத்தவனைப் பிடிக்கும், சமரசம் செய்தவனைப் பிடிக்காது. மறுப்பில் ஒரு ஆகிருதி இருக்கிறது. குழு அறையில் ஷரத்துகளைத் திருத்துபவனிடம் கவிதை எழுத எதுவும் இல்லை. என்றாலும் பஸாலியாவின் மறுப்பு எட்டியது அவர் பொறுப்பிலிருந்த ஆஸ்பத்திரிகளைத்தான். அவர் கால் வைத்திராத ஊர்களில் அடைபட்டுக் கிடந்தவனுக்கு வாக்குரிமை ஓர்ஸீனியின் சபை வழியாகத்தான் வந்தது. முன்னவர் இல்லாமல் பின்னவருக்குச் சொல்ல விஷயம் இல்லை என்பதும் உண்மை. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

கதை 1978ல் முடிந்துவிடவும் இல்லை. கதவு திறந்தது, வெளியே வீடு இல்லை. மாற்று மையங்கள் சில பிரதேசங்களில் எழுந்தன, பலவற்றில் எழவில்லை. அங்கெல்லாம் பாரம் குடும்பத்தின் தலையில் இறங்கியது. பெரும்பாலும் தாய்மார்களின் தலையில். சட்டத்தை ரத்துசெய் என்று குரல்கள் கிளம்பின. பஸாலியா 1980ல் இறந்துவிட்டார். அவர் மனைவியும், புத்தகங்களில் கூட்டாளியுமான ஃப்ராங்கா ஓங்காரோ 1983 முதல் 1992 வரை மேல்சபையில் இடதுசாரி சுயேச்சை உறுப்பினராக இருந்து, சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரத் திட்டமும் பணமும் கேட்டுப் போராடினார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் இல்லை. கொரீஸியாவின் வார்டுகளில் வேலை செய்தவர். எடுத்துவிட்ட பூட்டின் இடத்தில் எதை வைப்பது என்பது அவருடைய கேள்வியாக இருந்தது. அதற்கான பதிலைப் பட்ஜெட் கணக்குகளில்தான் தேட வேண்டியிருந்தது.

மனத்தை அறிந்தவன் என்று சொல்லிக்கொண்டு வருகிற வேட்பாளரை நான் நம்பமாட்டேன். மக்களுக்கு நோயின் பெயர் சூட்டுகிறவரைக் கண்டால் பயப்படுவேன். தன் கையெழுத்தின் பலத்தைக் குறைக்கத் தானே சட்டம் எழுத வருகிறவர் என்றால் அவருக்குக் காது கொடுக்கலாம். அவரையும் சும்மா விடக் கூடாது. பலத்தைக் குறைத்த பிறகு அந்த மனிதன் இன்றிரவு எங்கே படுப்பான், யார் அவனுக்குச் சோறு போடுவார்கள் என்று கேட்க வேண்டும். அவனும் இப்போது வாக்காளன். அந்தக் கேள்வியை அவனே கேட்கலாம்.