யார் சொன்னது?

அறியாமை குற்றமாகுமா என்பது அறநெறியில் பழைய வினா. புனித தோமா அக்குவினார் அதற்கு விடை கூறுகையில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். அறிய இயலாதவற்றை அறியாதிருத்தல் குற்றமன்று; அறியக் கடமைப்பட்டவற்றை, அறிய வாய்ப்பிருந்தும் அசட்டையால் அறியாதிருத்தலே குற்றம். குருமடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வரும் இவ்வேறுபாடு, 2020-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கல்லூரி விடுதிகளிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வீடு திரும்பிய இளைஞர்களையும் தொடுகிறது என்பது நம் எண்ணம்.

இந்நாட்டில் கொரோனா நோய் கண்டறியப்பட்ட முதல் ஆள் பல்கலைக்கழக மாணவர் ஒருவரே என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சீனத்தின் ஊகான் நகரில் மருத்துவம் பயின்று கேரளத்திற்குத் திரும்பியவர் அவர். 2020 சனவரி 30 அன்று அவருக்கு நோய் உறுதியாயிற்று. மார்ச் 7 அன்று தமிழகத்தின் முதல் நோயாளி அறியப்பட்டார். அம்மாத நடுவில் கல்லூரிகள் மூடப்பட்டன. 25-ஆம் நாள் நாடே அடைபட்டது. காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து நான்கு மாதமே ஆகியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், காட்டாங்குளத்தூர், வண்டலூர், கேளம்பாக்கம் பகுதிகளில் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே பயின்ற பல்லாயிரவர் தத்தம் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். பேராசிரியர் இல்லை, நூலகம் இல்லை. எஞ்சியது கைப்பேசி.

அக்காலத்தில் பல நாடுகளில் மாணவரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே வகையான முரண்பாட்டைக் காட்டின. 'யாரை நம்புகிறீர்கள்?' என்று கேட்டால் மருத்துவரையும் சுகாதார நிறுவனங்களையும் மாணவர் சுட்டினர். 'செய்தியை எங்கிருந்து பெறுகிறீர்கள்?' என்று கேட்டாலோ இணையத்தையும் சமூக ஊடகங்களையும் சுட்டினர். இதை இளைஞரின் குறையென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. நல்ல மருத்துவர் யாரென்று தெரிந்திருந்தும் பக்கத்துக் கடைக்காரரிடம் மாத்திரை கேட்டு வாங்கும் பெரியவர்கள் நாம். கைக்கெட்டுவது நம்பிக்கைக்குரியதை வென்றுவிடுகிறது. மேலும், நம்பத்தக்கது எட்டும்படி வைக்கப்பட்டிருந்ததா என்றும் கேட்க வேண்டும். தமிழகச் சுகாதாரத் துறைச் செயலர் தமிழில் செய்தியாளரிடம் பேசினார்; பல பக்கங்கள் கொண்ட விரிவான தினசரி அறிக்கையோ ஆங்கிலத்தில் வந்தது. அதே நேரத்தில் வாட்சப்பில் வந்த வதந்தி நல்ல தமிழில், அம்மாவுக்கும் புரியும்படி வந்தது!

ஆயினும் மாணவரின் நிலையில் ஒரு தனித்தன்மை உண்டு. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் கடலோர ஊர்களில் முதல் தலைமுறையாகக் கல்லூரி கண்ட பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அவ்வீடு மட்டுமன்று, அத்தெருவே அப்பிள்ளையைக் கேட்கும். 'படிச்ச பிள்ளை சொல்லுது' என்ற சொல்லுக்கு அங்கே மருத்துவச் சீட்டின் மதிப்பு. அப்பிள்ளை படிப்பது வணிகவியலா, கணினியா என்று யாரும் பார்ப்பதில்லை. கல்லூரி நண்பர் குழுவில் வந்த ஒரு வரி, மாணவர் வழியாக வீட்டுக்குள் நுழையும்போது, வழியில் ஒரு பட்டத்தையும் பெற்றுக்கொள்கிறது. கேட்டவர் என்ற நிலையிலிருந்து சாட்சி சொல்பவர் என்ற நிலைக்கு அவர் தாம் அறியாமலே ஏறிவிடுகிறார். அக்குவினார் கூறும் 'அறியக் கடமைப்பட்டவை' என்பதன் எல்லை இங்குதான் விரிகிறது. தனக்காக மட்டும் அறிபவனுக்கும், பிறர் நம்பிக் கேட்கும் இடத்தில் நிற்பவனுக்கும் கடமை ஒன்றாக இருக்க முடியாது.

பொய்ச் செய்தியின் விலை என்ன என்பதைச் சென்னை 2020 ஏப்ரல் 19 இரவில் கண்டது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்று அஞ்சிய கூட்டம், கல்லும் கட்டையும் கொண்டு, அவர் உடலைச் சுமந்து வந்த ஆம்புலன்சைத் தாக்கிற்று. மனைவியும் மகனும் விலகிப்போக நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், மிகச் சிலர் துணையோடு, நள்ளிரவை ஒட்டி மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். இறந்தோர் உடலால் எவருக்கும் தொற்று ஏற்பட்டதற்குச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டுக் குறிப்பில் எழுதியிருந்தது. இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று எனச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். கல்லெறிந்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் அஞ்சியவர்கள், அவ்வச்சத்தை அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னவரில் எவரும் அவ்விரவில் அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அரசு சொல்வதை மட்டும் கேட்டால் போதும் என்பர் சிலர். மாமல்லபுரக் கரையினர் இதற்கு எளிதில் தலையசைக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரக்கூடும் என்று மத்திய அரசே எச்சரித்தது. மக்கள் மறுபடியும் ஓடினார்கள், அலை வரவில்லை. கொரோனாக் காலத்திலும், பொதுமக்கள் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்ற போக்கில் முதலில் பேசிய உலகச் சுகாதார நிறுவனம் 2020 சூன் 5 அன்று தன் அறிவுரையை மாற்றிற்று. திருப்பூர்ச் சந்தையில் மருந்து தெளிக்கும் சுரங்கவழி ஒன்று பெருமையோடு திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே பொதுச் சுகாதாரத் துறை அத்தகையவை வேண்டாம் என்றது. அதிகாரமும் தவறும். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. முகக்கவச அறிவுரை மாறியபோது, மாற்றியவர் பெயரும் நாளும் காரணமும் நமக்குத் தெரிந்தன. 'அனுப்பப்பட்டது' என்ற முத்திரையோடு வரும் செய்தி தவறென்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அது திருத்தப்படுவதில்லை, வேறொரு செய்தி அதன் மேல் வந்து விழுகிறது, அவ்வளவே.

செங்கற்பட்டின் பெயர் உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற கதையும் இதற்கு உதவும். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை நாடெங்கும் போடும் இயக்கம் நடந்தபோது, 1955-இல் இராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் சாதாரண மனிதரல்லர். அவர் சொல்லைக் கேட்டுத் தயங்கிய பெற்றோர் பலர். பின்னர் 1968-இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், மிகப்பெரிய சோதனையைத் தொடங்கிற்று. சுமார் 2,60,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஏழரை ஆண்டு முடிவுகள் 1979-இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பெரியவருக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்ச்சியை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே கூறிற்று. குழந்தைகளைத் தாக்கும் கடும் காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு அவ்வூசி இன்றும் போடப்படுகிறது.

அப்படியெனில் இராஜாஜி அறிந்திருந்தாரா? இல்லை என்றே நாம் சொல்வோம். அவருடைய ஐயத்தில் ஒரு பகுதி பின்னர் மெய்யாயிற்று. ஆனால் மெய்யானதைச் சொல்லிவிடுவது வேறு, அறிந்து சொல்வது வேறு. எத்தனையோ பேர் எதிரும் புதிருமாகப் பேசும்போது ஒருவர் பேச்சு பலித்தே தீரும். வீடு வீடாகச் சென்று, பரிசோதித்து, பதினைந்து ஆண்டு காத்திருந்து, தாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு வந்தபோதும் அதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அவர்களிடம் இருந்தது அறிவு. ஊசி போடும் இயக்கத்தை நடத்தியவர்களுக்கே அம்முடிவு கசப்பானது. தமக்குக் கசக்கும் செய்தியையும் சொல்லக்கூடியவரா என்பது, ஒருவரை நம்பலாமா என்று பார்க்க நாம் அறிந்த நல்ல அளவுகோல்களுள் ஒன்று.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு மற்றவரையும் போட்டுக்கொள்ள அழைத்தார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். ஒன்றை அடுத்து ஒன்று நிகழ்ந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்பை இகழ்வதற்கில்லை. ஆராய்ந்த தேசியக் குழு, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று கூறியபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதத்தில், இரண்டாம் அலையின் உச்சத்தில், அறுபது வயதைக் கடந்த எத்தனையோ தாய்மாரும் தந்தையரும் 'பிறகு பார்ப்போம்' என்று இருந்துவிட்டனர். அவர்களுள் பலருக்குக் கேட்க வேறு ஆளில்லை, வீட்டிலிருந்த மாணவரைத் தவிர. 'எனக்குத் தெரியாது, இன்னும் முடிவாகவில்லை' என்று அம்மாணவர் சொல்லியிருந்தால் அது நேர்மையான விடை. ஆனால் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டாரின் முன் 'தெரியாது' என்று சொல்ல எந்தப் பாடத்திட்டம் பழக்கியிருக்கிறது?

ஊரில் அச்சொல்லைத் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார்: கிராம சுகாதாரச் செவிலியர். துணைச் சுகாதார நிலையம் பெரும்பாலும் நடந்துபோகும் தொலைவில்தான். அந்த மாணவரின் குழந்தைப் பருவத்து ஊசி அட்டையில் கையெழுத்திட்டவர் அவராகவே இருக்கலாம். கேட்டால், தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு, மறுநாள் அவ்வழியே வரும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்.