மூச்சும் பொறுமையும்

துன்புற்றவரிடம் நாம் முதலில் சொல்லும் சொல் 'பொறுமையாயிருங்கள்' என்பதே. சொல்பவரின் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவரின் மூச்சோ அவர் வசத்தில் இல்லை. ஒருவரால் இயலாததை அவரிடம் கேட்பது அறமாகுமா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. தப்பியவர்களுள் பலருக்கு மாதங்கள் பல கடந்தும் உறக்கமில்லை. குடத்து நீர் கவிழும் ஓசைக்கும் நெஞ்சு படபடக்கும். அலை மீண்டும் வாசலில் வந்து நிற்கும். அத்தகையோருக்கு அந்நாளில் பொறுமையைப் போதித்தவர்களுள் நானும் ஒருவன். கடல்நீர் குடித்துப் பிழைத்த மூதாட்டி ஒருவர் என் சொற்களைக் கேட்டு முடித்துவிட்டு, "மனசு கேக்குது ஹஜ்ரத், ஒடம்பு கேக்க மாட்டேங்குதே" என்றார். மறுமொழி என்னிடம் இல்லை. அவருடைய ஈமானில் குறை காண நான் யார்?

அவர் சொன்னதே உண்மை. பேரிடருக்குப் பின் நீடிக்கும் இந்நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல்தான் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆபத்து நீங்கிய பின்னும் உடல் ஆபத்திலேயே வாழ்கிறது. இதயத்திற்கு நாம் நேராகக் கட்டளையிட முடியாது. மூச்சோ நாம் எண்ணாதபோதும் தானே இயங்குகிறது. எண்ணினால் நமக்கு இணங்கவும் செய்கிறது. வெளிவிடும் மூச்சை மெல்ல நீட்டினால், வேகஸ் என்னும் நரம்பின் வழியே இதயத்தின் ஓட்டம் தணிகிறது. நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை நிகழும் மூச்சை ஏறத்தாழ ஆறாகக் குறைப்பதே இப்பயிற்சிகள் பலவற்றின் சாரம்.

அரபியில் மூச்சு 'நஃபஸ்', ஆன்மா 'நஃப்ஸ்'. வேரெழுத்துகள் மூன்றும் ஒன்றே. தமிழிலும் உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்று பொருளுண்டு. பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளோ கட்டி நிறுத்துதல் என்பதாகும். கட்டச் சொன்ன நாம் கயிறு கொடுத்தோமா?

ஆழிப்பேரலைக்குத் தப்பி முகாம்களில் தங்கியிருந்த 183 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. மூச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கும், அதனோடு உளச்சிகிச்சையும் பெற்றவர்களுக்கும் ஆறு வாரங்களில் துயரக்குறிகள் பெரிதும் குறைந்தன. காத்திருந்தவர்களுக்கு அவ்வாறு குறையவில்லை. எனினும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்காமல் முகாம்வாரியாகப் பிரித்தமையால், அவ்வாய்வை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூச்சு துணையே, மருத்துவம் அன்று. நடந்ததைத் தக்கவர் துணையோடு சிறுகச் சிறுக எடுத்துரைத்து ஆறும் சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது. பயிற்சி பலிக்காவிட்டால், 'நீ சரியாகச் செய்யவில்லை' என்று சொல்லத் தொடங்கினோமானால், பழைய அநீதிக்குப் புதுப்பெயர் சூட்டியவர்களாவோம். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பீதியைக் கிளறும். நீரில் மூழ்கி மீண்டவரிடம் 'கண்ணை மூடு, மூச்சை அடக்கு' என்று சொல்வது அவரைத் திரும்பவும் கடலுக்குள் தள்ளுவது போலன்றோ? அவர் கண் திறந்திருக்கட்டும். மூச்சை அடக்க வேண்டியதில்லை, மெல்ல விட்டால் போதும்.

அம்மூதாட்டி இன்று இல்லை. அன்று நான் அரைமணி நேரம் பேசினேன். பேசாமல் அருகே அமர்ந்து, அவரோடு சேர்ந்து பத்து முறை மூச்சு விட்டிருக்கலாம்.