எட்டு வருஷம் கழித்து

புனே சாங்வியில் தமிழ்ச் சபையாருக்கு லெந்து காலத்தில் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்

மனந்திரும்புதல் என்றதும் நம் ஆட்களுக்குக் குடிகாரன் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் சொத்தை வாங்கிக்கொண்டு போன இளைய மகன் ஞாபகம் வரும். லூக்கா 15. சரி, அந்த வீட்டில் மூத்தவன் ஒருவன் இருந்தானே? வயலிலிருந்து வந்து, உள்ளே வரமாட்டேன் என்று வெளியே நின்றானே? அவனுக்கு யார் செய்தி கொடுப்பது? இன்றைக்கு அவனுக்குத்தான்.

அவனுக்கான செய்தி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊர்ச் சபையின் அசன விருந்துக்கு லீவு போட்டுத் திருநெல்வேலி வரை போகிறோம். புனேயிலிருந்து தவுண்டு போகிற ரயிலில் ஏறினால் வழியில் கேட்காவ். அங்கே பண்டித ரமாபாயின் முக்தி மிஷன். இத்தனை காலம் சாங்வியில் குடியிருந்தும் அதை எட்டிப் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்!

ரமாபாய் 1858-ல் பிறந்தவர். பெண் சமஸ்கிருதம் படிக்கலாகாது என்றிருந்த காலத்தில் தகப்பனார் அனந்த சாஸ்திரி வீட்டுப் பெண்களுக்கே சமஸ்கிருதம் கற்பித்தார். 1874-ல் பஞ்சத்தில் தாயும் தகப்பனும் மாண்டார்கள். அண்ணனோடு தேசமெல்லாம் கால்நடையாக அலைந்தார். 1878-ல் கல்கத்தாப் பண்டிதர்கள் அந்த இருபது வயசுப் பெண்ணின் கல்வியைக் கண்டு ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள்.

1883-ல் இங்கிலாந்து போனார். லண்டன் ஃபுல்ஹாமில், ஊர் ஒதுக்கிவைத்த பெண்களைக் கன்னியாஸ்திரிகள் அன்போடு பராமரிப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டார். சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னார்கள். யோவான் 4. அதே வருஷம் வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இங்கேதான் ஆரம்பம். ஞானஸ்நானம் பெற்று எட்டு வருஷம் கழித்துத்தான் ரமாபாய்க்கு ஒன்று தெரிந்தது: கையில் கிடைத்தது கிறிஸ்தவ மார்க்கம், கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை. இதை அவரே 1907-ல் தன் சாட்சியில் எழுதி அச்சிட்டார். எட்டு வருஷம்! பட்டம் இருந்தது, பைபிள் இருந்தது, விதவைகளுக்காக 1889-ல் தொடங்கிய சாரதா சதன் இருந்தது. நல்ல ஊழியம். அவ்வளவும் இருந்தும், இன்னும் பெறவில்லை என்று ஒரு பண்டிதை உலகமறிய ஒப்புக்கொண்டார். நம்மில் அந்த மூத்த மகனைப்போல வீட்டிலேயே இருந்துவிட்ட பரம்பரைக் கிறிஸ்தவர்கள் இருக்கிறோம். தாத்தா உபதேசியார், மாமா குருவானவர். நம்முடைய எட்டு வருஷத்தை எப்போது எண்ணப்போகிறோம்?

1905-ல் கேட்காவில் நடந்ததைக் கேளுங்கள். பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். ஜனவரியில் ரமாபாய் ஜெபத்துக்கு ஆள் கேட்டபோது எழுபது பேர் வந்தார்கள். ஜூனில் ஐந்நூறுக்கு மேல். அந்த மாசக் கடைசியில் ரமாபாய் யோவான் 8-ஐ எப்போதும்போல் அமைதியாக விளக்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் எல்லாரும் சத்தமிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். பேச முடியாமல் அவர் நிறுத்திக்கொண்டார். அழுகை, பாவ அறிக்கை. எந்த அதிகாரம்? முதல் கல்லை யார் எறிவது என்று கேட்கிற அதிகாரம்! தமிழருக்கும் இது புதுசு இல்லை. 1860-ல் திருநெல்வேலிப் பக்கம் அருளப்பன் என்ற ஊழியர் பணிசெய்த கிறிஸ்தியான்பேட்டையிலும் இப்படித்தான் அழுதார்கள்.

போதகர் பேசுகிறார், ஜனங்கள் அழுகிறார்கள், போதகர் பேச்சை நிறுத்துகிறார். மைக்கை விடாத ஊழியக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பண்டிதை நிறுத்தினார்.

அந்தப் பண்டிதை கடைசிக் காலத்தில் என்ன செய்தார்? எபிரேயமும் கிரேக்கமும் கற்று, படிப்பில்லாத கிராமத்துப் பெண்ணுக்கும் புரிகிற மராத்தியில் வேதத்தை மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1921-ல் ஒரே மகள் மனோரமா போய்விட்டாள். வேலை நிற்கவில்லை. 1922 ஏப்ரலில் கண் மூடினார்.

நாமும் பாவ அறிக்கைக்கு வருவோம். வருகிற ஞாயிறு திருவிருந்து. இந்தச் சபையிலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு, பேர் சொல்லத் தேவையில்லை. முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொல்கிற மத்தேயு 5-ஐ வீட்டில் எடுத்து வாசியுங்கள். சனிக்கிழமைக்குள், நீங்கள் முகம் பார்க்காதவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்.