வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறதா?

முதியோர் இல்லம் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ராத்திரியில் நர்ஸ் இருப்பாரா? டொக்டர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருவார்? பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்களா? பேராதனை ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்? எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் அத்தனையும் பிள்ளைகளின் கேள்விகள். அங்கே போய் இருக்கப்போகிறவரின் கேள்வி வேறு மாதிரி இருக்கும் என்பதை என் அத்தையோடு இரண்டு மூன்று இல்லங்களுக்குப் போய் வந்த பிறகுதான் கவனித்தேன்.

அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் பாதையில், கெலிஓயா கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் அவருடைய வீடு. மாமா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. மகன் மெல்பேர்னில், மகள் டொரொண்டோவில். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அரைவாசி வீடுகளின் கதை இதுதான். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். அதன் பிறகு பொருளாதாரம் விழுந்த 2022இல் மட்டும் வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். போனவர்கள் பெற்றோரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது மின்சாரமும் போனது, ஃபோனும் போனது. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பக்கத்து வீட்டில், அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் தாயின் குரலைக் கேட்க முடியாமல் மெல்பேர்னும் டொரொண்டோவும் பட்ட பாடு இருக்கிறதே, அதில்தான் இந்தத் தேடல் தொடங்கியது. ஆக, தொடங்கிவைத்தது அத்தையின் பயமல்ல, பிள்ளைகளின் பயம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யாருடைய பயத்துக்கு மருந்து தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

ஊரில் இருக்கும் ஒரே சொந்தம் என்ற முறையில் இல்லங்களைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அத்தையும் கூட வந்தார். ஓர் இல்லத்தில் பொறுப்பாக இருந்த அம்மா நல்ல மாதிரி. நாளின் ஒழுங்கைச் சிங்களத்தில் அழகாக விளக்கினார். விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணி, ஆறு மணிக்குக் குளிப்பு, எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு, பின்னேரம் பிரார்த்தனை, ஏழு மணிக்கு ராச்சாப்பாடு, எட்டரைக்கு விளக்கு அணைப்பு. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கு அன்றைக்குக் குளிக்க மனமில்லை என்றால்?” என்றார். அந்த அம்மா சிரித்தார். அப்படி யாரும் சொல்வதில்லையாம். எல்லாரும் பழகிவிடுவார்களாம்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அத்தை சொன்னார்: “பழகிருவாங்கன்னா சொல்றா? சொல்லிப் பாத்து அலுத்துப் போயிருப்பாங்க.”

சுவர், கட்டில், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் எடைபோட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றிலிருந்து வேறொரு தராசு கிடைத்தது. இந்த இடத்தில் ஒருவர் எதற்கெல்லாம் மாட்டேன் என்று சொல்லலாம்? சொன்னால் என்ன நடக்கும்?

நம் நாட்டில் இந்தக் கேள்வி ஏன் விசித்திரமாகப் படுகிறது என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. முதியோர் இல்லம் இங்கே ஆதரவற்றவர்களுக்கான புகலிடமாகத்தான் வந்தது. 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் என்ற பெண்மணி தெருவில் கிடந்த முதிய பெண்ணொருவரைத் தன் வீட்டுக்கு எடுத்துவந்ததிலிருந்து வளர்ந்த கன்னியர் சபைதான் கொழும்பில் மருதானை இல்லத்தை நடத்துகிறது. வடக்கில் கைதடியில் அரச இல்லம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள் இல்லையென்றால் எத்தனையோ பேர் பஸ் நிலைய வாங்கில்தான் முடிந்திருப்பார்கள். ஆனால் தருமமாகக் கிடைப்பதைத் தட்டிவிட முடியாது. வாங்குகிற கைக்கு நன்றி சொல்ல மட்டுமே உரிமை.

தானச் சாப்பாட்டைப் பாருங்கள். இலங்கையில் அநேகமான முதியோர் இல்லங்களின் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் பெயர். தகப்பனின் நினைவு நாள், பேரப்பிள்ளையின் பிறந்தநாள், மகன் பரீட்சை பாஸான சந்தோஷம் என்று யாராவது சாப்பாடு கொடுப்பார்கள். பௌத்தர், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வித்தியாசமில்லை. உள்ளபடியே நல்ல வழக்கம். பல இல்லங்களின் அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் சாப்பிடுகிறவரின் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். இன்றைக்கு என்ன சாப்பாடு என்பதை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் சந்தோஷமோ துக்கமோ தீர்மானிக்கிறது. கொண்டுவருகிறவர்கள் கம்பளையிலிருந்து வாகனம் பிடித்து வந்து சேரும்வரை பசியோடு காத்திருக்க வேண்டும். வந்ததும் கைகூப்ப வேண்டும். இறந்தவருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். ஃபோட்டோவுக்கு நிற்க வேண்டும். இன்றைக்குக் கஞ்சி மட்டும் போதும் என்று ஒரு கிழவி சொன்னால் அது வயிற்றின் கோளாறாக எடுத்துக்கொள்ளப்படாது, திமிர் என்றாகிவிடும்.

இப்போது காசு கட்டி இருக்கும் இல்லங்களும் மலைநாட்டுப் பக்கம் வந்துவிட்டன. தனி அறை, இணைந்த குளியலறை, மலையைப் பார்த்த பல்கனி. விளம்பரங்கள் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பேசுகின்றன. பணம் கட்டினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். தீரவில்லை. தருமத்தின் இடத்தில் ‘பாதுகாப்பு’ வந்து உட்கார்ந்திருக்கிறது. கேற்றுக்கு வெளியே தனியாகப் போகக்கூடாது, மகனின் அனுமதி வேண்டும். அறைக்குள் கேத்தல் வைத்திருக்கக்கூடாது, தீப்பிடிக்கும். கதவை உள்ளே பூட்டக்கூடாது, விழுந்தால் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஞாயம் இருக்கிறது. எல்லா ஞாயங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி நேர்சரிப் பிள்ளையாகிவிடுகிறார்.

இவ்வகை இல்லங்களின் தொடக்கத்தைத் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1983இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், போர்ட்லண்டில், கெரன் பிரவுன் வில்சன் என்ற பெண் 112 வீடுகள் கொண்ட ஓர் இடத்தைத் திறந்தார். பெயர் பார்க் பிளேஸ். அவருடைய தாய் 55 வயதில் பாரிசவாதத்தில் விழுந்து, பராமரிப்பு நிலையங்களிலேயே காலம் தள்ளியவர். தாய் மகளிடம் கேட்டது சின்னச் சின்ன விஷயங்கள்: சொந்தமாக ஒரு சமையலறை, தன் சாமான்கள், தன் பூனை, கதவுக்கு ஒரு பூட்டு. வில்சன் அதைத்தான் கட்டினார். கதவுக்கு உள்ளிருந்து பூட்டு. தாதி தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எப்போது எழும்புவது, என்ன சாப்பிடுவது எல்லாம் அங்கே குடியிருப்பவரின் விருப்பம். பத்தியத்தை மறுக்கவும் உரிமை உண்டு. இப்படி விட்டால் கிழங்கட்டைகள் விழுந்து சாகும் என்று பலர் பயந்தார்கள். மாநில அரசு கணக்கு வைத்துக் கவனித்தது. 1988இல் முடிவுகள் வெளியானபோது குடியிருப்பவர்களின் உடல்நலம் கெட்டிருக்கவில்லை. மனநிறைவு கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. இதை இந்திய வம்சாவளி மருத்துவர் அதுல் கவாண்டே 2014இல் வந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். பிற்பாடு கம்பெனிகள் ‘உதவியுடனான வாழ்வு’ என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பூட்டை விட்டுவிட்டன என்பதும் அதிலேயே இருக்கிறது. நம்மூருக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பூட்டில்லாத வகைதான்.

இதையெல்லாம் எழுதுவதால் வீடுதான் சொர்க்கம் என்று நான் சொல்லவருவதாக யாரும் நினைக்க வேண்டாம். மகன் வீட்டில், மருமகள் கையால் என்று உருகுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அத்தை ஒரு தடவை டொரொண்டோவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். மகள் தங்கமான பிள்ளை. ஆனால் பனிக்காலத்தில் வெளியே போக முடியாது, பஸ் தெரியாது, அடுப்பைத் தொட வேண்டாம் என்பார்கள், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அங்கே எதற்கு மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியும்? என் தராசில் அந்த வீடும் அந்த இல்லமும் ஏறக்குறைய ஒரே எடைதான்.

கெலிஓயாவில் அத்தை எப்படி இத்தனை காலம் தனியாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுத் தாத்தாவின் பிள்ளைகள் எல்லாரும் அத்தையிடம் தமிழ் படித்தவர்கள். எங்களைப் போலப் பாட்டனைத் தாத்தா என்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் வீட்டில் அக்காவுக்குத்தான் அந்தப் பெயர். காலை ஏழு மணிக்குள் அத்தையின் முன்ஜன்னல் திறக்காவிட்டால் சின்ன மகன் வந்து, “டீச்சர், எழும்பியாச்சா?” என்று தட்டுவான். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், தைப்பொங்கலுக்கு இங்கிருந்து போகும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டும் போவார்கள். இதற்குமேல் என்ன ‘உதவியுடனான வாழ்வு’ வேண்டும் என்று தோன்றும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் ஏழு மணிவரை யாருக்கும் தெரியாது. சின்ன மகனும் கத்தாருக்குப் போகப் பேப்பர் செய்துகொண்டிருக்கிறான். அன்பு மட்டும் ராத்திரி டியூட்டி பார்க்காது.

இல்லங்களிலும் ஆள் நிற்பதில்லை. பராமரிப்புப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் கெயார் கிவர் வேலைக்கு இஸ்ரேலுக்குப் போகக் காத்திருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை இங்கே கொடுக்க ஆளில்லை என்று ஓர் இல்லத்தில் புலம்பினார்கள். ஆகவே கட்டடம் எத்தனை வருடப் பழசு என்று கேட்பதைவிட, கைபிடித்துக் குளிப்பாட்டுகிற பெண் எத்தனை வருடமாக இருக்கிறாள் என்று கேட்பது பிரயோசனம்.

அவள் எந்தப் பாஷை பேசுகிறாள் என்பதையும். அத்தைக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பிரதேச செயலகத்தில் கடிதம் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு. ஆனால் மறதி நோய் வந்தவர்களிடம் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் கழன்று, தாய்மொழி கடைசிவரை நிற்பது மருத்துவர்கள் அடிக்கடி காண்பது. வலிக்கிறது, குளிர்கிறது, தொடாதே என்பதைத் தமிழில் மட்டுமே சொல்ல முடிகிற ஒரு நாள் வரலாம். கேட்கிறவளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது வெறும் சத்தம். நாங்கள் பார்த்ததில் ஓர் இல்லத்தில் மட்டும் கலஹா தோட்டப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். அத்தை அந்த இல்லத்தின் பல்கனியைப் பார்க்கவேயில்லை. அந்தப் பெண்ணோடு அரைமணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்.

பணத்தின் கதை சுருக்கமானது, சந்தோஷமானதல்ல. அறை உள்ள இல்லத்தின் மாதக் கட்டணம் ஆசிரியர் ஓய்வூதியத்துக்குள் அடங்காது. முதியவர்களின் வைப்புக்கு அரசாங்கம் கொடுத்துவந்த 15 சதவீத விசேஷ வட்டியும் 2022இல் நின்றுபோனது. ஆகவே பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பியது. வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டால் அவன் விற்றோ வாடகைக்கு விட்டோ கட்டணத்தைப் பார்த்துக்கொள்வான். உள்நோக்கம் ஒன்றும் கிடையாது. அத்தை மட்டும் மசியவில்லை. “வீட்ட எழுதிக் குடுத்திட்டா, அதுக்குப் பொறகு நான் எங்க நின்னு மாட்டேன்னு சொல்றது?”

அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதி எழுதிவிட்டால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, கடுமையான நன்றியீனத்தை நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் அதை இரத்துச் செய்ய முடியும். எந்தத் தாய் அந்தப் படியேறுவாள்? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் சீவிய உரித்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதலாம். நொத்தாரிசிடம் கேட்க வேண்டியது இதைத்தான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று பிள்ளைகளைக் கட்டுகிறது. ஜீவனாம்சம் கேட்க ஒரு சபையையும் வைத்திருக்கிறது. இல்லங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவுச் சான்றிதழை எல்லா இடத்திலும் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் முகம் மாறும்.

இப்போதைய நிலவரம் இது. கலஹாப் பெண் இருக்கும் இல்லத்தில் அத்தை தன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார், முற்பணம் கட்டவில்லை. முதலில் ஒரு மாதம் இருந்து பார்க்கலாமா, பிடிக்காவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு வரலாமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை வேறொரு ஏற்பாடு. பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இந்தப் பக்கம் போடிங் தேடுவது வழக்கம். பின்னறையை இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறார். வாடகை பாதி, பதிலுக்கு, ராத்திரியில் இருவரில் ஒருத்தியாவது வீட்டில் இருக்க வேண்டும். வடக்கிலிருந்து வந்த இரண்டு பேரைத் தாத்தாதான் பிடித்துக்கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு முதலுதவி தெரியுமா என்று மெல்பேர்னிலிருந்து உடனே கேள்வி வந்தது. அத்தை அவர்களிடம் கேட்டது, காலையில் பத்து மணிவரை தூங்குகிற பழக்கம் உண்டா என்று. உண்டு என்று தயங்கிச் சொன்னார்களாம். “நல்லது, அப்ப எனக்கும் சொல்லிக் குடுங்க” என்று அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார்.