எழுந்து நிற்கும் இடைவேளை

பேஸ்பால் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸின் நடுவே கூட்டம் எழுந்து நின்று சோம்பல் முறித்துக்கொள்வது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்; அதற்கு மேல் அந்த இடைவேளைக்குத் தத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரே இடத்தில் எழுந்து நிற்கும் ஆயிரக்கணக்கான பேரைச் சும்மா விட்டுவைக்க நமக்கு மனம் வருவதில்லை. பாட வைத்துவிடுகிறோம்.

1976-இல் சிகாகோவின் கமிஸ்கி பார்க்கில், வர்ணனையாளர் ஹாரி கேரி அந்த இடைவேளையில் தனக்குத்தானே பாடிக்கொள்வதைக் கவனித்த அணி உரிமையாளர் பில் வீக், அவருக்குத் தெரியாமல் அந்தக் குரலை மைதானம் முழுக்கக் கேட்கும்படி செய்தார். நல்ல குரலென்றால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள், இந்தக் குரலென்றால் இதைவிட நன்றாக நானே பாடுவேனே என்று சேர்ந்துகொள்வார்கள் என்பது வீக்கின் கணக்கு. கணக்கு பிசகவில்லை. பின்னாளில் அதே ஊரின் ரிக்லி ஃபீல்டில், முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியோடு வர்ணனை அறை ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி, மைக்கையே தாளக்கோலாக ஆட்டி, சுருதியைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாமல் அவர் பாட, வேறெங்கும் வாய் திறந்து பாடக் கூச்சப்படும் மனிதர்கள் முன்பின் அறியாதவர்களின் தோளை உரசிக்கொண்டு பாடினார்கள். 1998-இல் அவர் இறந்த பிறகும் விருந்தினர்களை அழைத்து அதே இடத்தில் பாட வைக்கிறார்கள்.

‘டேக் மீ அவுட் டு தி பால் கேம்’ என்ற அந்தப் பாட்டு 1908-இல் ஜாக் நார்வொர்த் எழுதி, ஆல்பர்ட் வான் டில்சர் மெட்டமைத்தது. மைதானத்தில் ஒலிப்பது அதன் பல்லவி மட்டுமே. சரணத்தில் கேட்டி கேசி என்று ஒரு பெண் இருக்கிறாள். நாடகம் பார்க்கலாம் வா என்று அழைக்கும் காதலனிடம், வேண்டாம், ஆட்டத்துக்கு அழைத்துப் போ என்கிறாள். பல்லவி முழுக்க அவள் வாய்மொழி. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏற இன்னும் 12 ஆண்டுகள் இருந்த காலம் அது. அவள் ஆசையை வைத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டோம். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, சரணம் நீளம், இடைவேளை சிறிது.

அதே இடைவேளையில்தான் இன்னொரு பாட்டும் நுழைந்தது. 1918 செப்டம்பர் 5, பேஸ்பால் சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரின் முதல் ஆட்டம், அதே கமிஸ்கி பார்க். போர்க்காலம்; முந்தைய நாள்தான் நகரின் அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்து நால்வர் இறந்திருந்தார்கள். கூட்டம் சோர்ந்து கிடந்தது. ஏழாவது இன்னிங்ஸில் வாத்தியக் குழு ‘தி ஸ்டார் ஸ்பாங்கிள்ட் பேனர்’ இசைக்க, கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிய ஃப்ரெட் தாமஸ் கொடியை நோக்கி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கூட்டம் மெல்லப் பாடத் தொடங்கி, முடிவில் ஆர்ப்பரித்தது. அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதமானது 1931-இல்தான். 1918-இல் அது மேலிருந்து உத்தரவு எதுவும் வராமல் தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பியது என்றே நம்பத் தோன்றுகிறது. அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், தங்கள் பங்குத்தொகை குறைக்கப்பட்டதென்று ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரம் களமிறங்க மறுத்தார்கள். காயம்பட்ட வீரர்கள் பார்வையாளர் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று நினைவூட்டப்பட்டதும், பணத்தைப் பற்றிய பேச்சு நின்று ஆட்டம் தொடங்கியது. அந்தப் பாட்டு கிளப்பிய உணர்ச்சிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அன்றே சிலருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் அந்தக் கீதம் அன்றாடச் சடங்கானது. சடங்கானதும் அதற்குச் சரியான முறை, தவறான முறை என்று இரண்டு உண்டாகிவிட்டன. 1968-இல் டெட்ராய்ட் உலகத் தொடரில் பார்வையற்ற இளைஞர் ஹோசே ஃபெலிசியானோ கிதாரோடு அதைத் தன் போக்கில், இழைத்து இழைத்துப் பாடினார். கண்டனங்கள் குவிந்தன, பல வானொலிகள் அவர் பாடல்களையே ஒலிபரப்பாமல் நிறுத்தின. மைதானத்தில் சுருதி தப்பியவரைக் கொண்டாடியவர்களும், சுருதி சுத்தமாக உணர்ந்து பாடியவரைத் தள்ளிவைத்தவர்களும் வேறு வேறு மனிதர்கள் அல்ல. பாட்டு யாருடையது என்ற கேள்விதான் மாறியிருந்தது. 2010-இல் அதே ஊர் அவரை மறுபடி அழைத்துப் பாடச் சொன்னது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஏழாவது இன்னிங்ஸில் ‘காட் பிளெஸ் அமெரிக்கா’வும் சேர்ந்தது. அன்றைய துயரம் உண்மையானது, பாடியவர்கள் அழுதார்கள். ஆனால் துயரத்தில் ஏற்பட்ட பழக்கம் துயரம் தணிந்த பிறகும் நிற்பதில்லை. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் அந்தப் பாட்டு முடியும்வரை நடைபாதைகளில் சங்கிலி குறுக்கே கட்டப்பட்டது. 2008-இல் அந்நேரத்தில் கழிப்பறைக்குப் போக எழுந்த ரசிகர் ஒருவரைக் காவலர்கள் வெளியேற்ற, அவர் வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு சமரசமானது. காலை நீட்டி நடப்பதற்கென்றே ஏற்பட்ட இடைவேளை அது.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தன. மறுநாள் இரவு அதே யாங்கீ ஸ்டேடியத்தில் ஆட்டம். எதிரணி அரிசோனா, பாஸ்டன் அணி களத்திலேயே இல்லை. மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஒலிபெருக்கியில் ‘ஸ்வீட் கேரொலைன்’ எழுந்தது. நீல் டயமண்ட் 1969-இல் பாடிய காதல் பாட்டு, பாஸ்டனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் ஒவ்வொரு ஆட்டத்திலும் எட்டாவது இன்னிங்ஸில் பாடிப் பாடி அந்த ஊருடையதாகிவிட்ட பாட்டு. தலைமுறைகளாகப் பாஸ்டனைத் திட்டுவதையே பாதிப் பொழுதுபோக்காகக் கொண்ட நியூயார்க் கூட்டம் அதைச் சேர்ந்து பாடியது. அன்று எந்தச் சங்கிலியும் தேவைப்படவில்லை. பாட்டு முடிந்தது, நான்காவது இன்னிங்ஸ் தொடங்கியது.